மஸ்டாங் 289 இன்ஜினில் பவர் கூட்டுவது: கேள்வி பதில்

என் கார் 1967 ஃபோர்டு மஸ்டாங். 289 கன அங்குல வி8, அதாவது ஏறக்குறைய 4.7 லிட்டர். பல வருடங்களாக அதோடு மல்லுக்கட்டியதில் தெரிந்துகொண்டதை வைத்துப் பதில் சொல்கிறேன். மஸ்டாங்கை மசில் கார் என்று சொன்னாலே சண்டைக்கு வருகிறவர்கள் உண்டு. 1964 பான்டியாக் ஜி.டி.ஓ. மாதிரி நடுத்தர உடம்பில் பெரிய இன்ஜின் இருந்தால்தான் மசில், இது வெறும் போனி கார், அதாவது சின்ன உடம்புள்ள ஸ்போர்ட்டி கார் என்பார்கள். அந்தப் பஞ்சாயத்தை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: அண்ணா, என்னுடையதும் 67தான், இரண்டு பேரல் (காற்றுத் துளை) கார்புரேட்டர். கம்பெனி கணக்கில் 200 குதிரைத்திறன். பவரை அளக்கும் டைனோ மெஷினில் ஏற்றினால் சக்கரத்தில் 130தான் காட்டுகிறது. இன்ஜின் போய்விட்டதா?

போகவில்லை தம்பி. அந்த 200 என்பது 'கிராஸ்' கணக்கு. ஏர் ஃபில்டர், சைலன்சர் எதுவும் இல்லாமல் இன்ஜினைத் தனியாக ஸ்டாண்டில் ஓட்டி அளந்தது. 1972 மாடலிலிருந்துதான் அமெரிக்கக் கம்பெனிகள் எல்லாவற்றையும் மாட்டி அளக்கும் 'நெட்' கணக்குக்கு மாறின. கார்வெட் காரின் எல்.டி.-1 இன்ஜின் 1971இல் 330 குதிரை, அடுத்த வருடம் 255. இன்ஜின் இளைக்கவில்லை, தராசுதான் மாறியது. கியர்பாக்ஸும் ஆக்சிலும் தின்றது போக 130 நியாயம்தான். எதற்கும் கம்ப்ரெஷன் டெஸ்ட் (ஒவ்வொரு சிலிண்டரிலும் எவ்வளவு அழுத்தம் என்று பார்ப்பது) எடுத்துவிடுங்கள். எட்டு சிலிண்டரில் ஒன்று மட்டும் ரொம்பக் கீழே இருந்தால் ரிங்கோ வால்வோ போயிருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் புது சாமான் எதுவும் வாங்காதீர்கள்.

கேள்வி: 750 சி.எஃப்.எம். (நிமிடத்துக்கு இத்தனை கன அடி காற்று) கார்புரேட்டர் மலிவாக வருகிறது. போடலாமா?

வேண்டாம். இந்த இன்ஜினுக்கு எவ்வளவு காற்று வேண்டும் என்று தெரிய, 289ஐ 6000 ஆர்.பி.எம்.மால் பெருக்கி 3456ஆல் வகுத்துப் பாருங்கள். 500 சொச்சம் வரும். அதுவும் சிலிண்டர் முழுக்கக் காற்று நிரம்பினால்தான். 600 போட்டாலே மிச்சம். 750 போட்டால் கீழ் ஆர்.பி.எம்.மில் காற்றின் வேகம் குறைந்து, பெட்ரோல் சரியாகக் கலக்காது. சிக்னலில் மிதித்ததும் திணறும்.

கேள்வி: சார், பட்ஜெட்டில் ஒரே ஒரு பெரிய வேலைதான் செய்ய முடியும். எதில் பணம் போடுவது?

சிலிண்டர் ஹெட்டில், அதாவது வால்வுகள் உட்காரும் மேல் மூடியில். இந்த இன்ஜினுக்குக் கழுத்தை நெரிப்பதே அதுதான். கம்பெனி ஹெட்டில் இன்டேக் வால்வு 1.78 அங்குலம், எக்ஸாஸ்ட் 1.45. இப்போது கிடைக்கும் அலுமினிய ஹெட்டுகளில் 1.90, 1.60 சாதாரணம். காற்று போகும் வழியான போர்ட்டும் பெரிது. வால்வு சீட் கடினமானது என்பதால் ஈயமில்லாத பெட்ரோல் பற்றிய கவலையும் தீர்ந்தது.

ஆனால் ஹெட்டை மட்டும் மாற்றிவிட்டு அதிசயம் எதிர்பார்க்காதீர்கள். நாலு பேரல் இன்டேக் (காற்று உள்ளே போகும் குழாய்), மிதமான ஒரு கேம் (வால்வைத் திறக்கும் தண்டு), நல்ல ஹெடர் (புகை வெளியேறும் குழாய்), இவை கூடவே வந்தால்தான் உள்ளே போன காற்று வெளியே வரும். அப்படிச் செய்தால் இன்ஜினில் 300 குதிரை எட்டக்கூடிய தூரம்தான்.

இரண்டு விஷயம் கவனியுங்கள். புது ஹெட்டின் சேம்பர் (பெட்ரோல் எரியும் குழி) பெரிதாக இருந்தால் கம்ப்ரெஷன் குறையும், வாங்கும்போதே அது எத்தனை சி.சி. என்று கேளுங்கள். அப்புறம், பெரிய வால்வு பிஸ்டனில் இடிக்குமா என்று பார்க்க வேண்டும். பிஸ்டன் தலையில் குழந்தைகள் விளையாடும் களிமண்ணை ஒட்டி, ஹெட்டை மாட்டி, கையால் இரண்டு சுற்று சுற்றி, கழற்றிக் களிமண்ணின் கனத்தை அளந்து பாருங்கள். அரை நாள் வேலை. சோம்பல்பட்டால் இன்ஜினே போய்விடும்.

கேள்வி: அதற்குப் பதில் 80களின் கடைசியில் வந்த மஸ்டாங்கின் 5.0 லிட்டர் எச்.ஓ. (ஹை அவுட்புட்) இன்ஜினைத் தூக்கி வைத்தால்?

நானாக இருந்தால் அதைத்தான் செய்வேன், செய்தும் இருக்கிறேன். 1987இல் அதற்கு 225 குதிரை, அதுவும் நெட் கணக்கில். உரசல் குறைந்த ரோலர் கேம் வேறு. பிளாக் ஒரே குடும்பம் என்பதால் மவுன்ட் பழைய இடத்திலேயே உட்காரும். ஆயில் பேனை மட்டும் முன்பக்கக் குழி உள்ளதாக மாற்ற வேண்டும்.

நான் மாட்டிக்கொண்டது வேறு இடத்தில். கிராங்க் அதிராமல் சுற்ற ஃப்ளைவீலில் வைக்கும் எதிர் எடைதான் பேலன்ஸ். பழைய 289க்கு அது 28 அவுன்ஸ்-இன்ச், 5.0க்கு 50. 'ஃப்ளைவீல் நன்றாகத்தானே இருக்கிறது' என்று பழையதையே மாட்டினேன். 2000 ஆர்.பி.எம். தாண்டியதும் கண்ணாடியில் பின்னால் வரும் வண்டி இரண்டாகத் தெரிந்தது. மறுபடி கியர்பாக்ஸை இறக்கினேன். ஃப்ளைவீல், முன்னால் உள்ள பேலன்சர் இரண்டும் 50ஆக இருக்க வேண்டும். ஃபயரிங் ஆர்டரும் (சிலிண்டர்கள் எரியும் வரிசை) வேறு. 289இல் 1-5-4-2-6-3-7-8, எச்.ஓ.வில் 1-3-7-2-6-5-4-8. பிளக் வயரைப் பழக்கதோஷத்தில் மாட்டினால் கார்புரேட்டர் வழியாகப் பட்டாசு வெடிக்கும்.

கேள்வி: 2011 மஸ்டாங்கில் வந்த கயோட்டி இன்ஜின்? 412 குதிரையாமே!

வைக்கலாம். ஆனால் அதன் ஹெட் அகலத்துக்கு ஷாக் டவரை (முன் சஸ்பென்ஷனைத் தாங்கும் இரும்புக் கூடு) அறுத்து, முன் சஸ்பென்ஷனையே மாற்ற வேண்டியிருக்கும். அது இன்ஜின் மாற்றுவதல்ல, புது கார் கட்டுவது.

கேள்வி: பழைய வகை ஃப்ளாட் டேப்பட் கேம் (ரோலர் இல்லாமல் உரசி ஓடுவது) புதிதாகப் போட்டேன். முதல் ஸ்டார்ட்டில் என்ன செய்யணும்?

ஐட்லிங்கில் விடாதீர்கள். துத்தநாகம் அதிகமுள்ள ஆயில் ஊற்றி, ஸ்டார்ட் ஆனதும் 2000க்கு மேல் ஏற்றி, சற்று ஏற்றி இறக்கியபடி 20 நிமிடம் ஓட்டுங்கள். ஸ்டார்ட் ஆகாமல் இழுத்துக்கொண்டே இருந்தால் கேமின் மேடு, அதாவது லோப் தேயும். அதனால் டைமிங்கையும் பெட்ரோலையும் முன்பே தயார் செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: 65 மாடல், நாலு பக்கமும் டிரம் பிரேக். தாங்குமா?

தாங்காது. 65, 66இல் மாஸ்டர் சிலிண்டர் ஒற்றை சர்க்யூட். ஒரு குழாய் வெடித்தால் நாலு சக்கரத்துக்கும் பிரேக் போச்சு. 67இல்தான் இரட்டையாக வந்தது. முன்னால் டிஸ்க், இரட்டை மாஸ்டர் சிலிண்டர், நல்ல ரேடியேட்டர் மூன்றையும் போட்டுவிட்டு இன்ஜின் பக்கம் வாருங்கள்.

கேள்வி: ஐயா, சேசிஸ் நம்பரில் ஐந்தாவது எழுத்து K என்று இருக்கிறது. என் பையன் ஸ்ட்ரோக்கர் (கிராங்க்கை மாற்றி இன்ஜின் கொள்ளளவைக் கூட்டுவது) போடலாம் என்கிறான்.

பையனைக் கொஞ்சம் உட்காரச் சொல்லுங்கள். K என்றால் 271 குதிரை ஹை-பெர்ஃபார்மன்ஸ் 289. இன்ஜினும் காரோடு வந்ததே என்றால் அதன் விலையே அந்த இன்ஜினில்தான் இருக்கிறது. சிலிண்டரைக் குடைந்து போர் பண்ணவோ அறுக்கவோ கூடாது. வேகம் வேண்டும் என்று அடம்பிடித்தால், அதை முழுசாக இறக்கி, ஆயில் தடவி, பிளாஸ்டிக் உறையில் மூடி ஓரமாக வையுங்கள். அந்த இடத்தில் ஒரு சாதாரண 302 பிளாக்கை வைத்து அவன் இஷ்டத்துக்கு விளையாடட்டும். கழற்றிய போல்ட்டுகளையும் தூக்கிப் போடாமல் ஒரு டப்பாவில் போட்டு எழுதி வையுங்கள்.