வேலையை விட்ட பிறகு ஊர் ஊராகச் சென்று சொந்தக்காரர்களையும் பழைய தோழிகளையும் பார்த்து வருவது நடக்கிற காரியமா, அந்தச் சுதந்திரம் கிடைக்குமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

நடக்கும். சென்ற ஆடி மாதம் முழுக்க நான் அப்படித்தான் திருநெல்வேலிச் சீமையைச் சுற்றிவந்தேன். ஒரு தோள்பை, நான்கு பருத்திப் புடவை, ரத்த அழுத்த மாத்திரை, இவ்வளவுதான் சாமான். ஐம்பத்தாறு வயதில் எழுத்தர் வேலையிலிருந்து விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, தாம்பரத்தில் நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறக் கிளம்பியபோது என் கணவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "யாருக்குக் கல்யாணம்?"

யாருக்கும் இல்லை. சிக்கலே அங்கேதான்.

கேள்வி கேட்டவர் பணம், பாதுகாப்பு, தங்குமிடம் என்று கவலைப்பட்டிருக்கிறார். அவை எப்படியோ அமைந்துவிடும். காரணம் இல்லாமல் போவதுதான் கஷ்டம். எங்கள் பக்கத்தில் ஒருவர் வீடு தேடி வருகிறார் என்றால் நல்லதோ கெட்டதோ ஏதாவது இருக்க வேண்டும். பத்திரிகை வைக்க வரலாம், சாவுக்குத் துஷ்டி கேட்க வரலாம், பெண் பார்க்க வரலாம், கடன் கேட்கக்கூட வரலாம். சும்மா வரக் கூடாது. அதிலும் ஒரு பெண் தனியாகப் பையோடு வந்து நின்றால் ஊருக்கு ஒரே அர்த்தம்தான்: வீட்டில் சண்டை.

முதலில் பத்தமடைச் சித்தி வீடு. சித்திக்கு எழுபத்தெட்டு வயது. வாசலில் நின்ற என் முகத்தைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள், கழுத்தில் தாலிச் சங்கிலி இருக்கிறதா என்று பார்த்தாள். பிறகுதான் "வா" என்றாள். இரவு படுக்கத் தன் கல்யாணப் பாயை விரித்தாள். கோரையை ஆற்றுத் தண்ணீரில் ஊறப்போட்டு, மயிரிழையாகக் கிழித்து, பருத்தி நூல் பாவில் நெய்கிற அந்த ஊர்ப் பாய். துணியைப் போல மடித்து வைக்கலாம். ஒரு தலைப்பில் சித்தியின் பெயரும் சித்தப்பாவின் பெயரும் நெய்திருந்தன. சித்தப்பா போய் ஒன்பது வருடம் ஆகிறது. அவர் பெயர் அப்படியே இருக்கிறது. சித்தியின் பெயரில்தான் இரண்டு எழுத்து தேய்ந்து போயிருந்தது. அவள் அந்தப் பக்கம்தான் படுப்பாள்.

விளக்கை அணைத்துக் கொஞ்ச நேரம் கழிந்த பிறகு, சுவரைப் பார்த்தபடியே கேட்டாள்: "ஏட்டி, இப்போதாவது சொல். மாப்பிள்ளை கை நீட்டினாரா?"

"ஐயோ, இல்லை சித்தி. உங்களைப் பார்க்கத்தான் வந்தேன்."

"என்னை எதற்குப் பார்க்க வேண்டும்?"

பதில் சொல்லத் தெரியவில்லை. மறுநாள் காலை அவளே ஒரு பதிலைத் தயார் செய்துவிட்டாள். தெருவில் கேட்டவர்களிடமெல்லாம் "கண் ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கிறாள்" என்றாள். எதிர் வீட்டு அம்மா என் இமையைத் தூக்கிப் பார்த்து, புரைதான் என்று முடிவும் சொன்னார்.

சேரன்மகாதேவியில் பெரியப்பா மகன் வீட்டில் இது சிரிக்கிற விஷயமாக இருக்கவில்லை. தாத்தா காலத்து வயல் இன்னும் கூட்டுப் பட்டாவில் கிடக்கிறது. நான் பட்டம் வாங்கிய அதே 1989இல்தான் தமிழ்நாட்டில் பெண்ணுக்கும் பூர்வீகச் சொத்தில் பங்கு உண்டு என்று சட்டம் வந்தது. 2005இல் மத்தியச் சட்டத்தையும் திருத்தினார்கள். எனக்கு அந்த நினைப்பே கிடையாது; அண்ணனுக்கு இருந்திருக்கிறது. காப்பி குடித்து முடிப்பதற்குள் பீரோவைத் திறந்து பட்டா, தீர்வை ரசீது எல்லாவற்றையும் எடுத்து என் முன்னால் வைத்துவிட்டான். "நீ கேட்பதற்கு முன்னால் நானே காட்டிவிடுகிறேன்" என்றான். நான் கேட்க வரவில்லை என்று சொல்லச் சொல்ல அவன் முகம் இன்னும் இறுகியது. இருபது வருடம் நல்லது கெட்டதுக்கு மட்டும் தலைகாட்டியவள் திடீரென்று பாசத்தோடு வந்து நின்றால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? தப்பு என்மேல்தான் என்று இப்போது தோன்றுகிறது.

மதினி புத்திசாலி. ஒன்றும் பேசாமல் தேங்காய் துருவ உட்கார்ந்துவிட்டாள். முதல் பால், இரண்டாம் பால், மூன்றாம் பால் என்று தனித்தனியாகப் பிழிந்து, மூன்றாம் பாலில் காய்களை வேகவிட்டு, பாசிப்பருப்பைச் சேர்த்து, கடைசியில் முதல் பாலை ஊற்றி இறக்கி, இஞ்சிச் சாறும் எலுமிச்சையும் விட்டாள். சொதி! எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்கு வைக்கிற விருந்து அது. இஞ்சிப் பச்சடியோடு பரிமாறியபோது, "இன்றைக்கு என்ன விசேஷம்?" என்று அண்ணன் கேட்டான். "சும்மாதான்" என்றாள் மதினி. அண்ணன் எழுந்து போய்ப் பட்டாவை உள்ளே வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தான்.

ஏன் ஆடி என்றால், முகூர்த்தம் கிடையாது. எல்லோரும் வீட்டில் இருப்பார்கள். குற்றாலத்துச் சாரல் அம்பாசமுத்திரம் வரை காற்றோடு வரும், வெயில் தெரியாது. ஆனால் ஊர்க் கோயிலில் கொடைத் திருவிழா நடக்கிற நாளில் மட்டும் போகாதீர்கள். சொக்காரர்கள், அதாவது பங்காளிகள், அத்தனை பேரும் வந்திருப்பார்கள், வில்லுப்பாட்டுக் குழாய் காதைப் பிளக்கும், இருநூறு பேரிடம் "எப்போது வந்தாய்?" என்று கேட்டுவிட்டு ஒருவரிடமும் பேசாமல் திரும்புவீர்கள். பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்குப் போனாலும் அதே கதைதான்.

போக்குவரத்துக்குச் செங்கோட்டை பாசஞ்சர் ஒன்றே போதும். அந்த ரயில் பாதைதான் என் சொந்தபந்தப் பட்டியல். சேரன்மகாதேவியில் அண்ணன், வீரவநல்லூரில் நான் பிறந்த தெரு, கல்லிடைக்குறிச்சியில் அப்பளக் கடைக்குப் போன அத்தை, கீழக்கடையத்தில் அவள் மகள். (கடையம் 2019 முதல் தென்காசி மாவட்டம். என் வாயில் இன்னும் திருநெல்வேலிதான்.) நடுவில் உள்ள ஊர்களுக்கு டவுன் பஸ். 2021 மே முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. கண்டக்டர் கிழித்துக் கொடுக்கிற அந்தக் காசில்லாச் சீட்டை வாங்கிக்கொண்டு, இறங்குகிற ஊரைக்கூட முடிவு செய்யாமல் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். கேள்வியில் 'சுதந்திரம்' என்றொரு வார்த்தை இருக்கிறது. எனக்கு அது அந்த இருக்கையில்தான் கிடைத்தது. பதினேழு வயதில் இதே சாலையில் போக அப்பாவிடம் காசும் அனுமதியும் சேர்த்து வாங்க வேண்டியிருந்தது.

தங்குவதைப் பற்றி: விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். என் கணக்கில் இரண்டு இரவு போதும். ஒரு நாள் முன்னால் போன் செய்யுங்கள். ஒரு வாரம் முன்னால் சொன்னால் வீட்டை வெள்ளையடிக்கத் தொடங்கிவிடுவார்கள். சொல்லாமல் போய் நின்றால் வீடு கிடக்கிற கோலத்துக்காக அவர்கள் கூச, நாமும் கூச வேண்டிவரும்.

இனி தோழிகள். ஆண்களுக்குப் பழைய நண்பனைக் கண்டுபிடிப்பது ஒரு வேலையா? அதே தெரு, அதே டீக்கடை. பெண்ணைத் தேடுவது அப்படி இல்லை. கல்யாணமாகி எந்த ஊருக்கோ போயிருப்பாள், இனிஷியல் மாறியிருக்கும், முகநூலில் பேரன் படம் இருக்கும். நான் கண்ட வழி இது: அவள் பிறந்த வீட்டுக்குப் போங்கள், அண்ணனிடம் கேட்காதீர்கள், அண்ணன் மனைவியிடம் கேளுங்கள். எல்லாருடைய எண்ணும் மதினிகளிடம்தான் இருக்கிறது. பாளையங்கோட்டை விடுதியில் 1989இல் எடுத்த குழுப் படத்தில் நாங்கள் பதினொரு பேர். அப்படித் தேடித்தான் மூன்று பேர் கிடைத்தார்கள்.

அதில் ஒருத்தி ஆழ்வார்திருநகரியில் இருக்கிறாள். வீட்டில் மருமகன் இருந்ததால் கூடத்தில் ஒரு வார்த்தை பேச முடியவில்லை. "கோயிலுக்குப் போய்விட்டு வருகிறோம்" என்றாள். கோயிலுக்கு என்றால் எந்த வீட்டிலும் மேற்கொண்டு கேள்வி இல்லை. நம்மாழ்வார் அமர்ந்திருந்ததாகச் சொல்லும் உறங்காப்புளி மரத்துக்குப் பக்கத்தில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். இரவிலும் அதன் இலை மூடாது என்பார்கள். அன்று எங்கள் வாயும் மூடவில்லை.

2023 டிசம்பர் வெள்ளத்தைப் பற்றிச் சொன்னாள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டி, திருச்செந்தூரிலிருந்து கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்திலேயே நூற்றுக்கணக்கான பயணிகளோடு மாட்டிக்கொண்டதே, அந்த மழை. அவள் வீட்டில் தண்ணீர் நின்ற கோடு பீரோவின் மேல்தட்டுக்குச் சற்றுக் கீழே இப்போதும் தெரிகிறது. நகையை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடியிருக்கிறாள், ஆல்பம் கீழேயே இருந்துவிட்டது. "கல்யாணப் படம் போனதற்குக்கூட அழவில்லை, நம்முடைய அந்தப் படம் போய்விட்டது" என்றாள்.

இன்னொருத்தி 'ஊத்து'. அது அவள் பெயர் அல்ல. மாஞ்சோலைக்கு அப்பால் நாலுமுக்கு, அதையும் தாண்டி ஊத்து தேயிலை எஸ்டேட்; அங்கிருந்து வந்தவள் என்பதால் விடுதியில் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டோம். கொட்டித் தீர்க்கிற மழைக்குப் பேர்போன இடம். அவள் மலையிலேயே பிறந்து, மலையிலேயே கல்யாணமாகி, மலையிலேயே இருந்தாள். சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929இல் ஒரு கம்பெனி 99 வருடக் குத்தகைக்கு எடுத்த காடு அது. குத்தகைக் காலம் 2028 வரை. 2024இலேயே தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வு என்று சொல்லி வேலையை முடித்துவிட்டார்கள். நான் வாங்கியதற்கும் அவள் கணவர் வாங்கியதற்கும் காகிதத்தில் ஒரே பெயர்தான். அதை வைத்துக்கொண்டு நான் ஊர் சுற்றுகிறேன். அவர்கள் அம்பாசமுத்திரம் பக்கம் வாடகை வீட்டில் இருக்கிறார்கள்.

கட்டன்சாயா போட்டுக் கொடுத்தாள். மின்விசிறி முழு வேகத்தில் சுற்றுகிறது, கட்டிலில் தடித்த கம்பளி மடித்திருக்கிறது. "இங்கே எதற்கு?" என்றேன். "தூக்கிப் போட மனசு வரவில்லை" என்றாள். சாயங்காலம் பஸ் ஏறி மணிமுத்தாறு அணை வரை போனோம். அதற்கு மேலே போக அவள் விரும்பவில்லை. கரையில் நின்று மலையைப் பார்த்தாள். உச்சி தெரியவில்லை, மேகம். "நாலுமுக்கில் இப்போது மழை" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "படத்தைச் சமையலறைச் சுவரில் பசை வைத்து ஒட்டியிருந்தேன். கிளம்புகிற அன்று பிய்த்துப் பார்த்தேன், வரவில்லை" என்றாள்.

எதற்காக வந்தாய் என்று அவள் மட்டும் கேட்கவில்லை. எத்தனை நாள் இருப்பாய் என்றுதான் கேட்டாள். என் இரண்டு இரவு விதியை மீறி நான்கு இரவு இருந்தேன்.

என்னிடம் அந்தப் படம் இருக்கிறது. சென்னைக்கு வந்ததும் ஸ்டூடியோவில் கொடுத்துப் பத்துப் பிரதி போட்டு, ஒவ்வொன்றையும் அட்டை வைத்து உறையில் போட்டிருக்கிறேன். ஏழு உறைகளில் இன்னும் முகவரி எழுதவில்லை. மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது, டிக்கெட் எடுத்தாகிவிட்டது. இந்த முறை யார் கேட்டாலும் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது.

"கிடைத்த மூன்று பேருக்காவது தபாலில் போடலாமே?" என்றார் என் கணவர்.

இரண்டு பேர். மூன்றாவது ஆள் குரோம்பேட்டையில் இருக்கிறாள், அவளுக்கு நேரிலேயே கொடுத்துவிட்டேன். மற்றபடி அவர் சொல்வது சரிதான், தபாலில் போடலாம்.