பாட்டு சிடியைப் போட்டதாலேயே கணினியின் பாதுகாப்பு போகுமா?

கேள்வி: "காசு கொடுத்து வாங்கிய ஒரிஜினல் பாட்டு சிடியிலேயே வைரஸ் மாதிரி ஒன்று வந்தது என்று அலுவலகத்தில் மூத்தவர் ஒருவர் சொன்னார். நிஜமா, கட்டுக்கதையா?"

நிஜம்தான். 2005-இல் அமெரிக்காவில் சோனி பிஎம்ஜி என்ற பாட்டுக் கம்பெனி விற்ற சிடிக்களில் நடந்தது. அப்போது நான் கோவையில் கணினி சர்வீஸ் வேலையில் இருந்தேன். அந்த சிடி எதுவும் என் மேஜைக்கு வந்ததில்லை. ஆனாலும் செய்தியைப் படித்த அன்று வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. திருட்டு சிடி வேண்டாம், ஒரிஜினல் வாங்குங்கள், அதில் வைரஸ் பயம் இல்லை என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். இந்த விஷயத்தில் பாட்டைத் திருட்டுத்தனமாக இறக்கிக்கொண்டவருக்கு எந்தப் பாதிப்பும் இல்லை. கடையில் பணம் கட்டி வாங்கியவரின் கணினிதான் மாட்டியது.

அந்த ஆண்டு அக்டோபர் 31 அன்று மார்க் ரசினோவிச் என்ற விண்டோஸ் நிபுணர் தன் வலைப்பதிவில் இதைப் போட்டு உடைத்தார். ஒளிந்திருக்கும் மென்பொருளைக் கண்டுபிடிக்கும் கருவி ஒன்றைச் சோதிக்கும்போது, விண்டோஸ் காட்டவே காட்டாத ஒரு ஃபோல்டரும் சில டிரைவர்களும் (விண்டோஸின் அடியாழத்தில் ஓடும் சிறு புரோகிராம்கள்) அவருடைய கணினியிலேயே அகப்பட்டன. நூல் பிடித்துக்கொண்டு போனால், அமேசானில் அவர் வாங்கிய ஒரு பாட்டு ஆல்பத்தில் போய் நின்றது.

அந்த சிடியில் பாட்டோடு, தனியே ஒரு பகுதியில் விண்டோஸ் புரோகிராமும் இருந்தது. வீட்டு சிடி பிளேயர் அதைக் கண்டுகொள்ளாது. கணினியில் போட்டால், சிடியில் உள்ளதைத் தானாக ஓட்டும் ஆட்டோரன் வசதி அதைக் கிளப்பிவிடும். ஒப்பந்தம் ஒன்று திரையில் வரும், ஒத்துக்கொண்டால் அவர்கள் கொடுத்த பிளேயரில் பாட்டுக் கேட்கலாம், மூன்று பிரதி எடுக்கலாம். ஒரு சிறிய மென்பொருள் ஏறும் என்று அதில் எழுதியிருந்தது. அது தன்னை ஒளித்துக்கொள்ளும், கழற்ற வழி கிடையாது என்பதை எழுதவில்லை. அதன் பெயர் எக்ஸ்சிபி. பாட்டை இஷ்டத்துக்குப் பிரதி எடுப்பதைத் தடுப்பதுதான் அதன் வேலை. எழுதிக் கொடுத்தது ஃபர்ஸ்ட் 4 இன்டர்நெட் என்ற பிரிட்டிஷ் நிறுவனம்.

ஒளிந்துகொள்வது எப்படி? இந்த ஃபோல்டரில் என்னென்ன இருக்கிறது என்று எந்தப் புரோகிராம் கேட்டாலும், பதில் விண்டோஸின் அடிமையமான கெர்னல் வழியாகத்தான் வர வேண்டும். எக்ஸ்சிபி அங்கேயே போய் உட்கார்ந்துகொண்டு பதிலைத் திருத்தி அனுப்பியது. டாலர் குறி, 'சிஸ்', மறுபடி டாலர் குறி என்று பெயர் தொடங்கினால் போதும். ஃபைலோ, ஃபோல்டரோ, ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமோ, எதுவும் கண்ணில் படாது. இதைத்தான் ரூட்கிட் என்கிறோம். தன் ஃபைல்களை மட்டும் மறைத்திருந்தால்கூட ஒரு அளவு இருந்திருக்கும். யார் அந்தப் பெயரை வைத்தாலும் மறைத்தது! வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் விளையாட்டில் கள்ளத்தனம் செய்கிறவர்கள் தங்கள் புரோகிராமுக்கு அந்தப் பெயரை வைத்துத் தப்பிக்கலாம் என்று கண்டுகொண்டார்கள். நவம்பர் 10 வாக்கில் அதே மறைவிடத்தில் பதுங்கும் ட்ரோஜன்களும் (நல்லது போல நுழைந்து கெடுதல் செய்யும் புரோகிராம்கள்) வந்துவிட்டன. ஒரு பாட்டுக் கம்பெனி, வாடிக்கையாளரின் வீட்டில் திருடனுக்கு ஒளிய இடம் கட்டிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறது.

கையால் அழிக்கலாமே என்றால், அழித்தவுடன் சிடி டிரைவே விண்டோஸிலிருந்து காணாமல் போகும். ரசினோவிச்சுக்கே அப்படி ஆகி, அவர் சரிசெய்துகொண்டார். வேறு யாராவது இந்த நிலையில் என்னிடம் வந்திருந்தால், டிரைவ் போய்விட்டது, மாற்றுங்கள் என்றுதான் நானும் சொல்லியிருப்பேன்.

அப்புறம் எக்ஸ்சிபியைக் கழற்ற சோனி பிஎம்ஜியே ஒரு அன்இன்ஸ்டாலர் கொடுத்தது. அது இன்னும் மோசம். அதை வாங்குவதற்காக உலாவியில் ஏற்றப்பட்ட துணைநிரல் கணினியிலேயே தங்கிவிட்டது. அதன் வழியாக எந்த இணையதளமும் தன் இஷ்டத்துக்கு உங்கள் கணினியில் புரோகிராம் ஓட்டலாம் என்று பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் எட் ஃபெல்டனும் அலெக்ஸ் ஹால்டர்மனும் காட்டினார்கள். சோனி பிஎம்ஜியின் உயர் அதிகாரி தாமஸ் ஹெஸ், பெரும்பாலானவர்களுக்கு ரூட்கிட் என்றால் என்னவென்றே தெரியாது, பிறகு அவர்கள் ஏன் கவலைப்பட வேண்டும் என்ற பொருளில் வானொலியில் பேசினார். தெரியாதவர்களைத்தான் அதிகமாகக் காப்பாற்ற வேண்டும் என்று நினைக்கிற எனக்கு அந்தப் பேச்சு இன்றைக்கும் உறுத்துகிறது.

எக்ஸ்சிபி இருந்தது 52 ஆல்பங்களில். சுமார் 47 லட்சம் சிடிக்கள் தயாராகி, 21 லட்சம் விற்றிருந்தன. டான் காமின்ஸ்கி என்ற ஆய்வாளர், இணையதளப் பெயரை முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் சர்வர்களில் இருந்த தடயங்களை வைத்து, 5 லட்சத்து 60 ஆயிரத்துக்கும் மேற்பட்ட நெட்வொர்க்குகளில் இதன் சுவடு இருப்பதாகக் கணக்கிட்டார். பிரதி எடுப்பதைத் தடுக்கும் மீடியாமேக்ஸ் என்ற இன்னொரு மென்பொருளும் வேறு ஆல்பங்களில் இருந்தது. ஒப்பந்தத்தை மறுத்தாலும் அது ஃபைல்களை ஏற்றிவிடும்.

நவம்பர் நடுவில் சிடிக்களைத் திரும்பப் பெற்றார்கள். டெக்சாஸ் மாநிலம் வழக்குப் போட்டது, வாங்கியவர்களும் போட்டார்கள். உடன்பாட்டில் எக்ஸ்சிபி சிடிக்கு மாற்று சிடியும், கூடவே 7.50 டாலரோடு ஒரு ஆல்பமோ, பணம் இல்லாமல் மூன்று ஆல்பங்களோ இறக்கிக்கொள்ளும் உரிமையும் கிடைத்தன. கணினி பழுதானவர்களுக்கு 150 டாலர் வரை தர வேண்டும் என்பது 2007 ஜனவரியில் அமெரிக்க வர்த்தக ஆணையத்தின் மூலமும் வந்தது.

இப்போது என்ன செய்ய வேண்டும் என்று கேட்டால்: இன்றைய விண்டோஸ் சிடியில் இருக்கும் புரோகிராமைக் கேட்காமல் ஓட்டாது. வெளிநாட்டிலிருந்து யாராவது கொண்டுவந்த பழைய சிடி கையில் இருந்தால் அட்டையின் இடது ஓரத்தைப் பாருங்கள். உள்ளடக்கம் பாதுகாக்கப்பட்டது என்ற பொருளில் ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தால், அதைப் பழைய விண்டோஸ் எக்ஸ்பி கணினியில் மட்டும் போடாதீர்கள். மியூசிக் சிஸ்டத்தில் போடுங்கள், பாட்டு வழக்கம்போலக் கேட்கும்.