ஆதாரம் கேட்பது கோழைத்தனமா?

கேள்வி: சென்ற இதழில் போர் பற்றி எழுதும்போது, 'முதலில் ஆதாரம், பிறகு ஆயுதம்' என்றீர்கள். பயங்கரவாதிகளிடமும் அவர்களுக்குச் சோறு போட்டு வளர்க்கும் அரசுகளிடமும் சட்டம் பேசிக்கொண்டிருந்தால், அவன் குண்டு வைத்துவிட்டுப் போய்விடுவான். சந்தேகம் வந்தாலே வீடு புகுந்து அடித்துவிட வேண்டும். டச்சுக்காரனை விரட்டிய மண்ணில் இருந்து கேட்கிறேன்: உங்கள் பேச்சு கோழைத்தனம் இல்லையா? 1971 பங்களாதேஷ் போரில் இந்தியா செய்ததும் தவறு என்பீர்களா?
— ஒரு வாசகர், குளச்சல்

பதில்: குளச்சலை நீங்களே இழுத்துவிட்டீர்கள், அங்கிருந்தே தொடங்குகிறேன். 1741-ல் டச்சுப் படை கப்பலில் வந்து உங்கள் ஊர்க் கரையில் இறங்கியது. பத்மநாபபுரத்தைக் குறிவைத்து உள்ளே வந்தது. திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மா திருப்பி அடித்தார். இதில் விவாதிக்க ஒன்றும் இல்லை. ஆயுதத்தோடு வந்து தாக்குகிறவனைத் திருப்பித் தாக்க எந்த நாட்டுக்கும் உரிமை உண்டு, ஐ.நா. சாசனத்தின் 51-ஆவது பிரிவும் அதைத்தான் சொல்கிறது. பிடிபட்ட டச்சு அதிகாரி டிலனாயை ராஜா கொல்லவில்லை, தன் படைக்கே தளபதி ஆக்கினார் என்பதையும் சேர்த்தே நினைவில் வையுங்கள். உதயகிரிக் கோட்டைக்குள் அவருடைய கல்லறை இன்றும் இருக்கிறது.

ஆனால் நீங்கள் கேட்பது குளச்சல் போர் அல்ல. குளச்சலில் எதிரி கண்ணெதிரே நின்றான். நீங்களோ சந்தேகம் வந்தாலே போதும் என்கிறீர்கள். அங்கேதான் உங்களோடு என்னால் ஒத்துப்போக முடியவில்லை.

சந்தேகத்தின் பேரில் சுட்டால் என்ன ஆகும் என்பது நம் குமரி மாவட்டத்துக்குத் தெரியும். 2012 பிப்ரவரி 15. 'செயின்ட் ஆன்டனி' என்ற விசைப்படகு சூரை பிடித்துவிட்டு கேரளக் கடலில் வந்துகொண்டிருந்தது. பூத்துறை, கொல்லம் பக்கத்து ஆட்கள். மாலை நேரம், பெரும்பாலானவர்கள் அலுத்துப்போய்ப் படுத்திருந்தார்கள். 'என்ரிகா லெக்ஸி' என்ற இத்தாலிய எண்ணெய்க் கப்பலில் காவலுக்கு இருந்த கடற்படை வீரர்கள், கடற்கொள்ளையர் வருகிறார்கள் என்று நினைத்துச் சுட்டார்கள். இரண்டு பேர் செத்தார்கள். ஒருவர் கொல்லத்துக்காரர், இன்னொருவர் நம் பூத்துறைப் பையன்.

அந்தப் படகில் துப்பாக்கி இல்லை. வலையும் மீனும் இருந்தன. அப்புறம் ஒன்பது ஆண்டு வழக்கு: கொல்லம், டெல்லி, ஹேக் என்று அலைந்தது. சுட்டவர்கள் அரசுப் பணியில் இருந்தவர்கள், அவர்களை இந்தியா விசாரிக்க முடியாது என்று சர்வதேச நடுவர் மன்றம் சொன்னது; இழப்பீடு கொடுக்கச் சொல்லி இத்தாலிக்கு உத்தரவிட்டது. பத்துக் கோடி ரூபாய் வந்தது. 2021-ல் உச்ச நீதிமன்றம் வழக்கை மூடியது. கொலைக்காக ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. கடற்கொள்ளை பொய்யல்ல, அந்த நாட்களில் சோமாலியக் கொள்ளையர் பயம் நிஜமாகவே இருந்தது. பயம் நிஜம், ஆள் தப்பு. இதைத்தான் நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஒரு துப்பாக்கியின் தப்பு இரண்டு வீட்டை அழித்தது. ஒரு நாடே அப்படித் தப்புச் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு இராக் இருக்கிறது. 2003 பிப்ரவரி 5 அன்று அமெரிக்க வெளியுறவு அமைச்சர் காலின் பவல் ஐ.நா. பாதுகாப்பு சபையில் உட்கார்ந்து, ஒரு சிறு குப்பியைக் கையில் தூக்கிக் காட்டினார். இவ்வளவு ஆந்த்ராக்ஸ் பொடி போதும், இராக் அதிபர் சதாமிடம் இதைவிட எத்தனையோ மடங்கு இருக்கலாம் என்றார். அடுத்த மாதம் படை இறங்கியது. அமெரிக்காவே அனுப்பிய ஆய்வுக் குழு ஓர் ஆண்டுக்கு மேல் தோண்டிப் பார்த்துவிட்டு, அப்படிப்பட்ட ஆயுதக் குவியல் எதுவும் இல்லை என்று அறிக்கை கொடுத்தது. சதாம் கொடியவர்தான். 1988-ல் ஹலப்ஜாவில் தன் நாட்டுக் குர்து மக்கள்மேலேயே விஷவாயு குண்டு போட்டவர். ஆனால் அவர் கொடியவர் என்பது 2003-ல் சொன்ன காரணத்தை உண்மையாக்கிவிடாது.

படை நுழைந்த பிறகு செய்தது அதைவிட மோசம். 2003 மே மாதம் இராக் ராணுவத்தையே கலைத்தார்கள். ஆயுதப் பயிற்சி பெற்ற லட்சக்கணக்கான ஆண்கள் வேலையில்லாமல், அவமானத்தோடு வீட்டுக்குப் போனார்கள். அவர்களில் பலர் பின்னால் எந்தப் பக்கம் போனார்கள் என்று உலகமே பார்த்தது. 2014 ஜூனில் ஐ.எஸ். பயங்கரவாத அமைப்பு இராக்கின் மோசூல் நகரைப் பிடித்தபோது, சதாம் காலத்து அதிகாரிகள் அந்த அமைப்பின் மேல்மட்டத்திலேயே இருந்தார்கள். திக்ரித் மருத்துவமனையில் 46 இந்திய நர்ஸுகள் சிக்கினார்கள், பெரும்பாலும் மலையாளிகள். நல்ல வேளையாகத் திரும்பினார்கள். மோசூலில் கட்டட வேலைக்குப் போன 39 இந்தியர்கள் கொல்லப்பட்டார்கள் என்று நான்கு ஆண்டு கழித்து, 2018-ல்தான் நாடாளுமன்றத்தில் அறிவித்தார்கள். பயங்கரவாதத்தை ஒழிக்கப் போன போர் இப்படித்தான் முடிந்தது.

சரி, அடி விழும்வரை காத்திருக்க வேண்டுமா? வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரன் அரிவாள் தீட்டுகிறான் என்பதற்காக அவன் வீட்டுக்குத் தீ வைக்க முடியாது. ஓங்கிக்கொண்டு நம் வாசலுக்கு வந்தால் அது வேறு கதை. நாடுகளுக்கும் இந்த விதி பழசுதான். 1837-ல் கனடாக் கலகக்காரர்களுக்குச் சாமான் கொண்டுபோன 'கரோலின்' என்ற நீராவிப் படகை, பிரிட்டிஷ் படை அமெரிக்கக் கரைக்கே போய்க் கொளுத்தி நயாகரா ஆற்றில் விட்டது. அந்தச் சண்டையில் அமெரிக்க அமைச்சர் வெப்ஸ்டர் வைத்த அளவுகோல்: ஆபத்து உடனடியாக வந்து நிற்க வேண்டும், வேறு வழியே இருக்கக் கூடாது, யோசிக்கவும் நேரம் இருக்கக் கூடாது. அப்போதுதான் முந்திக்கொண்டு அடிக்கலாம்.

2025 ஜூனில் ஈரான்மேல் இஸ்ரேலும் பிறகு அமெரிக்காவும் குண்டு போட்டதை இந்த அளவுகோலில் வைத்துப் பாருங்கள். ஈரான் 400 கிலோவுக்கு மேல் யுரேனியத்தை 60 சதவீதம் வரை செறிவூட்டி வைத்திருந்தது. மின்சாரத்துக்கு அவ்வளவு தேவையில்லை. கவலைப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் ஈரான் அணுகுண்டு கட்டவில்லை என்பதே தங்கள் கணிப்பு என்று அமெரிக்க உளவுத்துறைத் தலைவர் அதே ஆண்டு மார்ச்சில் சொல்லியிருந்தார். பேச்சுவார்த்தையும் நடந்துகொண்டிருந்தது, அடுத்த சுற்றுக்குத் தேதிகூடக் குறித்திருந்தார்கள். வேறு வழி இல்லை என்று எப்படிச் சொல்வது? ஜூன் 23 அன்று தெஹ்ரானின் எவின் சிறைமேல் குண்டு விழுந்தது. அந்த அரசை எதிர்த்தவர்களை அடைத்து வைக்கும் சிறை அது. சிறை ஊழியர்களோடு, கைதிகளைப் பார்க்க வந்த உறவினர்களும் செத்தார்கள். கொடுங்கோல் அரசால் ஏற்கெனவே வதைபட்ட குடும்பங்கள் அவை.

ஈரான் நமக்கு ஏதோ தூரத்து நாடு அல்ல. நம் கடற்கரை ஊர்களில் இருந்து அங்கே மீன்பிடி வேலைக்குப் போகிறவர்கள் எத்தனை பேர்! கொரோனா காலத்தில் பந்தர் அப்பாஸில் இருந்து கடற்படைக் கப்பல் ஜலஷ்வா அவர்களைத் தூத்துக்குடிக்குக் கொண்டுவந்தது. 2025-லும் குண்டுச் சத்தத்துக்கு நடுவே தவித்தவர்களில் நம் ஆட்கள் உண்டு. வளைகுடாவில் யார் யாரை அடித்தாலும் வீட்டுப் பெண்கள் போனைக் கையில் வைத்துக்கொண்டு தூங்காமல் இருப்பது இங்கேதான். வீடு புகுந்து அடிப்பது என்று நீங்கள் எழுதும்போது, அந்த வீட்டுக்குப் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும்.

2025-ல் காஷ்மீரின் பஹல்காமில் நடந்த தாக்குதலுக்கு இந்தியா பதில் கொடுத்ததை நான் தவறு என்று சொல்லவில்லை. 26 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். தாக்குதல் நடந்தே விட்டது. மே 7 அன்று பாகிஸ்தான் பக்கம் ஒன்பது முகாம்களை அடித்தோம், ராணுவ இடங்களைக் குறிவைக்கவில்லை என்று உலகத்துக்குச் சொன்னோம். குறி தெளிவாக இருந்தது. ஆனால் அதற்கு அடுத்து வந்த பாகிஸ்தான் பீரங்கிக் குண்டில் நம் எல்லையோரப் பூஞ்ச் பக்கம் வீட்டுக்குள் இருந்த குழந்தைகளும் செத்தார்கள். இங்கே வெற்றி வெடி வெடித்தவர்கள் பூஞ்ச் பற்றிப் பேசவே இல்லை என்பது எனக்கு இன்னும் வலிக்கிறது. பஹல்காமில் சுட்ட மூன்று பேரையும் ஜூலை மாதம் ஸ்ரீநகர்ப் பக்கத்துக் காட்டில் தேடிப் பிடித்து முடித்ததாக உள்துறை அமைச்சர் நாடாளுமன்றத்தில் சொன்னார். பொறுமையான உளவு வேலை அது. அதற்கு நம் ஊரில் யாரும் பட்டாசு வெடித்ததாகத் தெரியவில்லை.

அப்புறம், 'பயங்கரவாத ஒழிப்பு' என்று ஓர் அரசு சொல்லிவிட்டாலே போதும் என்று தமிழர் ஒருவர் எழுதுவது எனக்குத் தாங்கவில்லை. 2009-ல் இலங்கை அரசு சொன்னதும் அதே வார்த்தைதான். தாக்குதல் நடக்காத பகுதி என்று தானே அறிவித்து, மக்களை அங்கே வரச் சொல்லிவிட்டு, அங்கேயே எறிகணை போட்டது. புலிகள் மக்களை வெளியேற விடாமல் பிடித்து வைத்ததும் உண்மை. இரண்டையும் எழுதிய ஐ.நா. நிபுணர் குழு, இறந்த பொதுமக்கள் 40,000 வரை இருக்கலாம் என்பதை மறுக்க முடியாது என்றது.

இனி 1971. அன்று ஐ.நா. பொதுச்சபையில் 104 நாடுகள் போரை நிறுத்தச் சொல்லி வாக்களித்தன. எதிர்த்தவை 11 மட்டும். ஆனாலும் இந்தியா செய்தது சரி என்றே சொல்வேன். அங்கே சந்தேகத்துக்கு இடமே இல்லை. மார்ச் 25 இரவு டாக்காவில் பாகிஸ்தான் ராணுவம் தொடங்கிய கொலைக்குச் சாட்சி, எல்லை தாண்டி வந்த ஏறக்குறைய ஒரு கோடி அகதிகள். திரிபுராவில் ஊர்க்காரர்களுக்குச் சமமாக அகதிகள் நிறைந்திருந்தார்கள். இந்திரா காந்தி மறுநாளே படையை அனுப்பிவிடவில்லை. மாதக்கணக்கில் முகாம்களுக்குச் சோறு போட்டார், வங்க விடுதலைப் படையான முக்தி வாகினிக்குப் பயிற்சி கொடுத்தார், ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் நேரில் போய்த் தலையிடச் சொல்லிக் கேட்டார். அமெரிக்க அதிபர் நிக்சன் அசையவில்லை. டிசம்பர் 3 அன்று நம் விமானத் தளங்கள்மேல் பாகிஸ்தான் குண்டு போட்டது. 16-ஆம் தேதி பாகிஸ்தான் தரப்பில் 93,000 பேர் சரணடைந்தார்கள். நாடு பங்களாதேஷ் மக்கள் கைக்குப் போனது. 1972 மார்ச்சில் நம் ராணுவம் டாக்காவை விட்டுத் திரும்பி வந்தது.