வெல்ஸின் ‘டைம் மெஷின்’ நாவலில் மனித இனம் இரண்டாகப் பிரிவதற்குக் காரணம் வர்க்கமா, பரிணாமமா?

எச். ஜி. வெல்ஸ் 1895 இல் எழுதிய இந்த நாவலில், 8,02,701 ஆம் ஆண்டில் மனிதர்கள் நிலத்தின் மேல் வாழும் எலாய், நிலத்துக்கு அடியில் வாழும் மார்லாக் என்னும் இரண்டு இனங்களாகப் பிரிந்திருக்கிறார்கள். இதற்கு வர்க்கம், பரிணாமம் என்று தனித்தனியாக இரண்டு காரணங்கள் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. முதலாவது தொடங்கி வைத்ததை இரண்டாவது முடித்து வைக்கிறது.

ஓர் உயிரினம் இரண்டாகப் பிரிய வேண்டுமானால், அதன் இரு பகுதிகளும் ஒன்றோடொன்று கலக்காமல் நெடுங்காலம் இனப்பெருக்கம் செய்ய வேண்டும். வழக்கமாக மலையோ கடலோ அவற்றைப் பிரித்து வைக்கும். வெல்ஸின் கதையில் பணம் பிரித்து வைக்கிறது. செல்வர்களின் கல்வியும் பழக்கவழக்கங்களும் ஏழைகளிடமிருந்து விலகிக்கொண்டே போவதால் இரு தரப்பாருக்கும் இடையிலான திருமணங்கள் அருகிவிடும் என்றும், மனித இனம் பிளவுபடாமல் இதுவரை தடுத்து வந்தவை அத்திருமணங்களே என்றும், அந்த எதிர்காலத்துக்குப் போய்வரும் கதைநாயகரான காலப் பயணி ஊகிக்கிறார். வாசகர் பலர் விரைந்து கடந்துவிடும் இந்த இடத்தையே நான் நாவலின் மையமாகக் கருதுகிறேன்.

தொழிலாளர்கள் நிலத்துக்கு அடியில் போவதும் வெறும் கற்பனை அன்று. லண்டனில் 1863 முதல் நிலத்தடி ரயில் ஓடிக்கொண்டிருந்தது; நிலத்தடிப் பட்டறைகளும் உணவகங்களும் பெருகி வருவதைக் காலப் பயணியே எடுத்துக்காட்டுகிறார். வெல்ஸின் தாயார், சசெக்ஸ் பகுதியில் உள்ள அப்பார்க் மாளிகையில் வீட்டு மேற்பார்வையாளராக வேலை பார்த்தவர். அங்கே வேலைக்காரர்கள் நடமாடுவதற்கென்று சுரங்கப் பாதைகள் இருந்தன. அந்த மாளிகையை இளம் வயதிலேயே அறிந்திருந்த ஒருவருக்கு, மேலே விருந்தும் கீழே உழைப்பும் நடக்கும் உலகத்தை எங்கிருந்தும் இரவல் வாங்க வேண்டியிருக்கவில்லை.

பரிணாமம் என்றாலே முன்னேற்றம் என்ற நம்பிக்கையை மறுத்ததுதான் வெல்ஸின் பெரிய துணிவு. அவர் தாமஸ் ஹக்ஸ்லியிடம் உயிரியல் பயின்ற மாணவர். உயிரினங்கள் பின்னோக்கியும் மாறக்கூடும் என்று விலங்கியலாளர் ரே லங்கெஸ்டர் 1880 இல் ஒரு நூலில் விளக்கியிருந்தார். வெல்ஸும் 1891 இல் அதே பொருளில் ஒரு கட்டுரை எழுதினார். அசிடியன் என்னும் கடல் உயிரி இளம் பருவத்தில் வாலும் முதுகுநாணும் கொண்டு நீந்தித் திரியும். பாறையில் ஒட்டிக்கொண்ட பிறகு இரண்டையும் இழந்துவிடும். எலாய்களுக்கு நேர்ந்ததும் இதுவே. ஆபத்தும் தேவையும் இல்லாத வாழ்வில் அறிவுக்கு வேலையில்லாமல் போனதால், ஆளும் வர்க்கத்தாரின் சந்ததியினர் நான்கடி உயரத்தில், குழந்தைகளைப்போல விரைவில் களைத்து, இருட்டுக்கு அஞ்சிப் பழம் தின்று வாழ்கிறார்கள். இயந்திரங்களை இன்னும் இயக்குபவர்கள் மார்லாக்குகள். அவர்களுக்கு உணவாவது எலாய்கள்.

1960 ஆம் ஆண்டுத் திரைப்படம் இந்தப் பிளவுக்குப் போரைக் காரணமாக்கியது. அதனால் கதையின் கூர்மை மழுங்கிவிட்டது என்பது என் கருத்து.

நாவலில் எனக்குப் பெரும் உறுத்தலாக இருப்பது காலப் பயணியின் பரிவு போகும் திசை. எலாய்களின் சீரழிவை அவர் நன்கு உணர்கிறார். இருந்தும் மனித உருவத்தின் சாயல் அவர்களிடம் எஞ்சியிருப்பதால் அவர்கள் பக்கமே நிற்கிறார். மார்லாக்குகளைக் கொல்ல ஏங்குகிறார். அவர்களும் தம் வழித்தோன்றல்களே என்று அறிந்தும் அந்த ஏக்கத்தை ஒப்புக்கொள்கிறார். எந்த உழைப்பும் எந்த ஒதுக்கலும் அவர்களை நிலத்துக்குள் தள்ளின என்று வாசகருக்கு விளக்கியவரும் அவரேதான் என்பதால், அந்த வெறுப்பை என்னால் நியாயம் என்று ஏற்க முடியவில்லை.