லாச்சியும் நிலாவும் – வாசகர் கடிதம்

அன்புள்ள அண்ணன்,

உங்கள் சரித்திர நாவலின் முதல் வரைவு தை மாதம் முடிந்ததாக எழுதியிருந்தீர்கள். அதற்குப் பிறகு அதைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. நானும் ஒன்று எழுதி முடித்திருக்கிறேன். ஐந்து சீஆர் கொப்பி. முடித்த அன்று ஆனந்தமாக இருந்தது. அடுத்த நாளிலிருந்து எதிலும் மனம் ஒட்டவில்லை. உடனே திருத்துவதா, அச்சுக்குக் கொடுப்பதா, யாரிடமாவது காட்டுவதா? நீங்கள் என்ன செய்கிறீர்கள்?

ந.,
அக்கரைப்பற்று

அன்புள்ள தம்பி,

உண்மையைச் சொன்னால் நான் ஒன்றும் செய்யவில்லை. தாள்களைக் கட்டி லாச்சியில் (மேசை இழுப்பறையில்) போட்டுவிட்டு வட்டைக்குப் போய்விட்டேன். பெரும்போக அறுவடை நேரம். "நாவல் முடியட்டும்" என்று நாலு வருஷமாகத் தள்ளிப்போட்ட வேலைகள் வேறு காத்துக் கிடந்தன: கூரை ஒழுக்கு, கிணற்றுக் கட்டு, என் கடைவாய்ப் பல். மனம் ஒட்டாதது எனக்கும் இருந்தது. பின்னேரங்களில் என் நாயகி இப்போது என்ன செய்துகொண்டிருப்பாள் என்று யோசிப்பேன். இதை வீட்டில் சொல்ல முடியுமா? சித்திரை வாக்கில் தானாகவே தணிந்தது.

பிறகுதான் எடுத்து வாசித்தேன். மூன்றாம் அத்தியாயத்தில், 1630இல், ஊர் நிலக்கிழாரான போடியார் ஓர் ஓலையை லாச்சிக்குள் வைத்துப் பூட்டுகிறார். லாச்சி ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) தந்த சொல். அவர்கள் மட்டக்களப்புக் கோட்டையைப் பிடித்ததே 1638இல்தான். போடியார் இருந்த கதிரை (நாற்காலி) தப்பித்தது. அது போர்த்துக்கீசச் சொல், கோட்டையைப் போர்த்துக்கீசர் 1628இலேயே கட்டிவிட்டார்கள். அவர் சாப்பிட்ட மரவள்ளிக்கிழங்கு தப்பவில்லை, அது இலங்கைக்கு வந்ததே பிந்தித்தான். எழுதும்போது இதெல்லாம் கண்ணில் படாது. நான் எழுதியதே ஒரு கதிரையில் இருந்து, லாச்சி வைத்த மேசையில்.

இவை சில்லறை. பெரிய அடி மாமியிடமிருந்து வந்தது. அவருக்குக் கண் பார்வை குறைவு, அதனால் இரவில் வாசித்துக் காட்டினேன். கோட்டை விழுவதற்கு முதல் நாள், மே 17, நடுச்சாமம், முழு நிலா. கோட்டைக்குள் இருக்கும் ஒருவனை எச்சரிக்க என் நாயகி தோணியில் புளியந்தீவுக்குப் போகிறாள். நடு வாவியில் துடுப்பைத் தண்ணீரில் இறக்கி, பிடியைக் காதோடு ஒட்டி, எங்கள் வாவியின் பாடும் மீன்களைக் கேட்கிறாள். நாவலிலேயே நான் அதிகம் மினுக்கிய பத்துப் பக்கம்.

மாமி கேட்டார்: "வைகாசிப் பறுவம் எண்டா குளிர்த்தி எல்லுவா மகன்? ஊரெல்லாம் அம்மன் கோயில்ல நிக்க, இவ தோணியில எங்க போறா?"

சரி, கண்ணகி அம்மன் கோயில் சடங்கான குளிர்த்தியையும் சேர்ப்போம் என்று மகனின் கைபேசியில் நிலாவைப் பின்னோக்கி உருட்டிப் பார்த்தேன். 1638 வைகாசிப் பறுவம், அதாவது முழு நிலா நாள், மே 28 வாக்கில் வருகிறது. மே 17 இரவு வானத்தில் இருந்தது நாலு நாள் பிறை. பத்து மணிக்குள் படுத்திருக்கும். என் பத்துப் பக்க நிலவொளி அவ்வளவும் பொய்.

யார் பார்க்கப் போகிறார்கள் என்று இரண்டு நாள் என்னையே ஏமாற்றிப் பார்த்தேன். கோட்டை விழுந்த 18ஆம் தேதியைத் தள்ளிவைக்கவும் வழியில்லை. 23ஆம் தேதி கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனும் ஒல்லாந்தத் தளபதி வெஸ்டர்வோல்டும் ஒப்பந்தமே செய்துவிட்டார்கள்.

ஆகவே கொப்பிகளைக் கொஞ்ச நாள் கட்டி வையுங்கள், அச்சுக்கு அவசரம் வேண்டாம். காட்டுவதென்றால் எழுதுகிற நண்பர்களுக்கு முதலில் காட்டாதீர்கள். என் நண்பர்கள் இரண்டு பேர் அந்தத் தோணிப் பக்கங்களைத்தான் ஆகா ஓகோ என்றார்கள். வயலும் கோயிலும் அடுப்படியும் தெரிந்த ஒருவருக்கு வாசித்துக் காட்டுங்கள்.

நான் இப்போது தோணியைப் பத்து நாள் தள்ளிவிட்டிருக்கிறேன். ஊர் குளிர்த்தியில் நிற்கிறது, உடுக்குச் சத்தம் வாவிக்கு மேலால் வருகிறது, நிலா இருக்கிறது, மீனும் பாடுகிறது. ஆனால் அவள் எச்சரிக்க வேண்டிய ஆள் கோட்டையில் இல்லை. பிறகு ஏன் போகிறாள்? அதற்காக அறுபது பக்கத்தைக் கிழித்தாகிவிட்டது. அடுத்த அத்தியாயம் எப்போது என்று மாமி தினமும் கேட்கிறார்.