சூரியன் அடங்கினால் இந்தப் படிப்புக்கு வேலை இருக்குமா?

வணக்கம் அம்மா. உங்கள் மகள் இயற்பியல் படித்து விண்வெளி வானிலை ஆய்வுக்கு, அதாவது சூரியனின் சீற்றம் பூமியை எப்படிப் பாதிக்கிறது என்று ஆராயும் துறைக்கு, போக ஆசைப்படுகிறாள். சூரியனின் சீற்றம் கூடிக் குறையும் 11 ஆண்டுச் சுழற்சி 2024-ஐ ஒட்டி உச்சத்தைத் தொட்டுவிட்டது, அவள் படித்து முடிப்பதற்குள் சூரியன் அடங்கிவிடும், பிறகு இவளை யார் தேடுவார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் பூமியின் காந்தப்புலம் அப்படி நடந்துகொள்வதில்லை.

சூரியனின் முகத்தில் தோன்றும் கரும்புள்ளிகளான சூரியப் புள்ளிகள் பெருகும்போது புவிக்காந்தக் குழப்பங்களும் பெருகுகின்றன என்று பிரிட்டிஷ் அறிவியலாளர் எட்வர்ட் சபைன் 1852-லேயே கண்டறிந்தார். அது உண்மைதான்; ஆனால் இரண்டும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்குவதில்லை. உச்சக் காலத்தில் பூமியின் காந்தப்புலத்தில் பெரும்புயல்களைக் கிளப்புவது சூரியன் வீசியெறியும் பிளாஸ்மா (மின்னேற்றம் பெற்ற வாயு) மேகங்கள். புள்ளிகள் குறையத் தொடங்கியதும், சூரியனின் வெளி வளிமண்டலமான கரோனாவில் உள்ள பெரிய துளைகள் அதன் நடுக்கோட்டை நோக்கி விரிகின்றன. அவற்றிலிருந்து சூரியக் காற்று எனப்படும் மின்னேற்றத் துகள்களின் ஓட்டம் நொடிக்கு 600, 700 கிலோமீட்டர் வேகத்தில் பாய்கிறது. பூமியிலிருந்து பார்க்கையில் சூரியன் ஒரு சுற்றுச் சுற்ற ஏறத்தாழ 27 நாள் ஆகிறது. அதனால் ஒரே துளை மாதாமாதம் நம் பக்கம் திரும்பி, மிதமான புயல்களை நாள்கணக்கில் நீடிக்கச் செய்கிறது. பெரும்புயல்களும் இறங்குமுகத்தில் வரத்தான் செய்கின்றன: 2003 அக்டோபர் இறுதியில் ஸ்வீடனின் மால்மோ நகரை இருளாக்கிய புயல், அந்தச் சுழற்சியின் உச்சம் கடந்த பிறகு வந்ததே.

சிறு புயலையும் அலட்சியம் செய்ய முடியாது. 2022 பிப்ரவரியில் அப்படி ஒரு புயல் மேல் வளிமண்டலத்தைச் சூடாக்கி விரித்தது. இழுவை கூடியதால், அப்போதுதான் ஏவப்பட்டிருந்த 49 ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களில் பெரும்பாலானவை விழுந்து எரிந்துபோயின.

இனி வேலைக்கு வருவோம். விண்வெளி வானிலை முன்னறிவிப்பாளர் என்ற பெயரிலேயே உள்ள பணியிடங்கள் எங்குமே குறைவு. இதை மகளிடம் மறைக்காதீர்கள். ஆனால் 1989 மார்ச் 13 அன்று இத்தகைய காந்தப்புயலால் கனடாவின் கியூபெக் மாகாண மின்கட்டமைப்பு ஒன்றரை நிமிடத்தில் சரிந்ததிலிருந்து மின்துறைக்கு இந்த அறிவு தேவைப்படுகிறது. செயற்கைக்கோள் இயக்குநர்களுக்கும், துருவப் பாதையில் விமானம் செலுத்துவோருக்கும் தேவைப்படுகிறது. மின்காந்தவியல், பிளாஸ்மா இயற்பியல், புள்ளியியல், நிரலாக்கம் இந்த நான்கையும் அவள் ஆழமாகப் படித்தால், இத்துறையில் இடம் கிடைக்காவிட்டாலும் வேறு கதவுகள் திறந்திருக்கும்.

தீராத சிக்கலும் இருக்கிறது. சூரியக் காற்றின் காந்தப்புலம் தெற்கு நோக்கி இருந்தால்தான் புயல் வலுக்கும். அந்தத் திசையை நம்பகமாக அளப்பது பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் நிற்கும் விண்கலங்கள். அவை தரும் அவகாசம் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள்தான். அந்த அவகாசத்தை நீட்டிக்க ஆட்கள் வேண்டும். என்னைக் கேட்டால், ஒரு வாழ்நாள் உழைப்பைக் கொடுக்கத் தகுந்த வேலை அது.

கல்லூரியில் சேர்க்கும் முன் ஒன்று செய்யச் சொல்லுங்கள். பூமியின் காந்தக் குழப்பத்தை அளந்து சொல்லும், 1932 முதலான கேபி (Kp) குறியீட்டை ஜெர்மனியின் போட்ஸ்டாம் புவி அறிவியல் மையமும், சூரியப் புள்ளி எண்ணிக்கையை பெல்ஜிய அரச வானாய்வகமும் இலவசமாகவே தருகின்றன. ஒரு சுழற்சிக்கான இரண்டையும் ஒரே வரைபடத்தில் அவளே வரையட்டும். புள்ளிகள் சரிந்த பின்னும் குறியீடு ஏன் உயர்ந்து நிற்கிறது, மார்ச்சிலும் செப்டம்பரிலும் ஏன் கூடுகிறது என்று அவளாகவே தேட ஆரம்பித்தால், தயங்காமல் சேர்த்துவிடுங்கள். பாதியில் சலித்துவிட்டால் மின்பொறியியலைப் பற்றி நாம் மூவரும் உட்கார்ந்து பேசலாம்.