குளிர்ந்தும் மூழ்காத வேர்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதினேன்: பழைய கண்டங்களுக்கு மரம் மாதிரி, இருநூறு கிலோமீட்டர் ஆழத்துக்கு வேர் உண்டு, வைரம் அந்த வேரிலிருந்துதான் வருகிறது என்று. அந்த ஒரு வரிக்கு இவ்வளவு கேள்விகள் வரும் என்று நினைக்கவில்லை. ஒரே மாதிரி கேட்டவர்களைச் சேர்த்துக்கொண்டேன்.

கேள்வி: இருநூறு கிலோமீட்டர் ஆழத்தில் இன்ன கல் இருக்கிறது என்று அடித்துச் சொல்கிறீர்களே, யார் போய்ப் பார்த்தது?

யாரும் போகவில்லை. ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில் 1970-ல் துளையிட ஆரம்பித்து, 1989-ல் 12,262 மீட்டர் வரை போனார்கள், அதோடு சரி. மேலோட்டில் பாதியைக்கூடத் தாண்டவில்லை. நாம் போகாவிட்டால் என்ன, அங்கிருந்து கல் மேலே வருகிறது. கிம்பர்லைட் என்றொரு எரிமலைக் குழம்பு உண்டு, தென்னாப்பிரிக்காவின் கிம்பர்லி ஊரை வைத்து வந்த பெயர். 150 கிலோமீட்டருக்கும் கீழே பிறந்து, கரியமில வாயுவும் நீராவியும் உந்தித் தள்ள, சில மணி நேரத்தில், மிஞ்சிப்போனால் சில நாட்களில் மேலே வந்துவிடும், வருகிற வழியில் சுவரைப் பெயர்த்துத் துண்டு துண்டாக அள்ளிக்கொண்டும் வரும். அந்தத் துண்டுக்குச் செனோலித் என்று பெயர், கிரேக்க மொழியில் அந்நியக் கல். மெதுவாக வந்திருந்தால் வழியிலேயே கரைந்துபோயிருக்கும்.

இதை எழுதும்போது என் மேசையில் அப்படி ஒன்று இருக்கிறது, கைப்பிடி அளவு, ஒரு பக்கம் அறுத்துத் தேய்த்தது. உலர்ந்திருந்தால் சாம்பல் நிறக் கல், அவ்வளவுதான். ஈர விரலால் தடவினால் நிறம் எழுந்து வரும்: வெளிறிய பச்சையில் ஒலிவின் என்ற கனிமம், நடுநடுவே மரகதப் பச்சையில் குரோமியம் கலந்த பைராக்சீன், மாதுளை முத்து மாதிரி கார்னெட். (கார்னெட் என்ற பெயரே மாதுளையின் லத்தீன் பெயரிலிருந்து வந்ததுதான்.) லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு கார்னெட்டையும் சுற்றி மை இட்டதுபோல ஒரு கறுப்பு வளையம் தெரியும். மேலே வந்த வேகத்தில் அழுத்தம் குறைந்து, ஓரம் மட்டும் வேறு கனிமங்களாக மாறிய தழும்பு அது. உள்ளே இருப்பது மாறவில்லை, நமக்கு வேண்டியதும் அதுதான். கார்னெட்டும் பைராக்சீனும் ஒட்டியிருக்கும் கல்லில், அழுத்தம் கூடக்கூடப் பைராக்சீனுக்குள் நுழையும் அலுமினியம் குறையும். அதை அளந்து, வெப்பநிலையையும் கணக்கிட்டால், கல் எந்த ஆழத்தில் இருந்தது என்று தெரிந்துவிடும்.

கேள்வி: மேன்டில் என்பது கொதிக்கிற குழம்புதானே? அதில் வேர் எப்படி இருக்கும்?

குழம்பு இல்லை, மேலோட்டுக்குக் கீழே இருக்கும் திடமான பாறை. பள்ளிப் புத்தகத்துப் படத்தில் ஆரஞ்சு நிறம் அடித்து வைத்த வினை. கோடிக்கணக்கான ஆண்டுகளில் மெல்ல இளகி நகரும், அங்கங்கே கொஞ்சம் உருகும், அவ்வளவே.

கேள்வி: குளிர்ந்த பொருள் கனக்கும், கனத்தது மூழ்கும். பழைய கண்டத்தின் அடி குளிர்ந்தது என்கிறீர்கள். அப்படியானால் அது இத்தனை காலம் எப்படி மூழ்காமல் இருக்கிறது?

நல்ல கேள்வி, 1970-களில் தாமஸ் ஜோர்டான் என்ற புவி இயற்பியலாளரைக் குடைந்த கேள்வியும் இதுதான். பூகம்ப அலைகள் கிராட்டான் எனப்படும் பழைய கண்டப் பகுதிகளின் அடியில் வேகமாகப் போகின்றன. 200 கிலோமீட்டர் ஆழம் வரைக்கும், சில இடங்களில் அதற்கும் கீழே, பாறை குளிர்ந்து விறைத்திருக்கிறது என்று அர்த்தம். பக்கத்து மேன்டிலைவிடச் சில நூறு டிகிரி குறைவு. அதனால் கூடும் கனம் ஒன்று, ஒன்றரை சதவீதம் இருக்கும். அந்தக் கனத்தை ஈடுகட்ட ஏதோ ஒன்று குறைந்திருக்க வேண்டும் என்றார் ஜோர்டான்.

குறைந்தது இரும்பு. ஒலிவின் படிகத்தில் மக்னீசியமோ இரும்போ உட்காரும் இருக்கைகள் நூறு என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண மேன்டிலில் 89, 90 இருக்கையில் மக்னீசியம், மீதியில் இரும்பு. தென்னாப்பிரிக்காவின் காப்வால் கிராட்டானுக்கு அடியிலிருந்து வந்த கல்லில் மக்னீசியம் 92, 93. இரண்டு மூன்று இருக்கைதானே என்று தோன்றும். ஆனால் கூடவே அலுமினியமும் கால்சியமும் போயிருக்கின்றன, அலுமினியம் குறைந்தால் எடை மிகுந்த கார்னெட்டும் குறையும், எல்லாம் சேர்ந்து குளிர்ச்சியின் கனத்துக்குச் சரிக்குச் சரி ஆகிவிடுகிறது.

எப்படிப் போயின? உருகித்தான். மேன்டில் பாறை உருகும்போது இரும்பு, அலுமினியம், கால்சியம் எல்லாம் குழம்போடு கிளம்பும், மக்னீசியம் சக்கையோடு தங்கும். இன்றைய நடுக்கடல் முகடுகளில் பத்து சதவீதம் போல உருகுகிறது. கிராட்டான் வேரில் 30, 40 சதவீதம் உருகியிருக்க வேண்டும், அதற்குப் பூமி இப்போதையதைவிடச் சூடாக இருந்திருக்க வேண்டும். நீரும் அப்போதே குழம்போடு போய்விட்டது. ஈரம் போன ஒலிவின் லேசில் வளைந்துகொடுக்காது. ஆக, வேர் என்பது பிழிந்து போட்ட சக்கை. லேசானது, விறைப்பானது, அதனால்தான் நிலைத்தது.

ஆழத்தில் இருக்கும்போதே உருகியதா, மேலாக உருகிப் பிறகு கீழே அடுக்கப்பட்டதா என்பதில் இன்னும் சண்டை ஓயவில்லை. நான் இரண்டாவது கட்சி. அந்தக் கார்னெட்டுகளில் இருக்கும் அளவுக்குக் குரோமியம் சேர வேண்டுமென்றால், கார்னெட்டே உருவாக முடியாத குறைந்த ஆழத்தில் உருகியிருந்தால்தான் கணக்கு உதைக்காமல் வருகிறது.

கேள்வி: அந்த வேரின் வயதை எதை வைத்துச் சொல்கிறார்கள்? சூடாக இருக்கும் கல்லில் எந்தக் கடிகாரமும் ஓடாது என்று படித்திருக்கிறேன்.

சரியாகத்தான் படித்திருக்கிறீர்கள், தனிமங்கள் சிதைவதை வைத்து வயது சொல்லும் வழக்கமான கடிகாரங்கள் அந்தச் சூட்டில் சரிப்படாது. கைகொடுத்தது ஆஸ்மியம் என்ற உலோகம். ரீனியம்-187 சிதைந்து ஆஸ்மியம்-187 ஆகும், பாதி சிதையவே சுமார் 4,200 கோடி ஆண்டு. இதில் அழகு என்னவென்றால், பாறை உருகும்போது ரீனியம் குழம்போடு ஓடிவிடும், ஆஸ்மியம் சக்கையிலேயே தங்கிவிடும். ரீனியம் போனபின் ஆஸ்மியம்-187 மேற்கொண்டு பெருகாது. அதாவது ஓடுகிற கடிகாரத்தை நாம் படிப்பதில்லை, உருகிய நாளில் நின்றுபோன கடிகாரத்தைப் படிக்கிறோம். கிம்பர்லியில் கல்லைக் கொண்டுவந்த குழம்புக்கு வயது ஏறக்குறைய 9 கோடி ஆண்டு. அது சுமந்துவந்த கற்களிலோ கடிகாரம் நின்றது பெரும்பாலும் 250 முதல் 300 கோடி ஆண்டுகளுக்கு முன்னால், மேலே இருக்கும் கண்டம் உருவான அதே காலகட்டத்தில். மேலோடும் வேரும் ஒட்டிப் பிறந்தவை.

கேள்வி: நிலக்கரி அழுந்தி வைரமாகிறதா?

இல்லை. பெரும்பாலான வைரங்கள் நிலத்தில் செடிகள் முளைப்பதற்கு முன்பே உருவானவை. வேருக்குள் கசிந்த கார்பன் கலந்த திரவங்களிலிருந்து, 150 கிலோமீட்டருக்குக் கீழே, பாறையோடு ஆக்சிஜன் கொடுக்கல் வாங்கல் நடக்கும் இடத்தில் அவை படிந்தன. வேரின் குளிர்ச்சி இங்கே முக்கியம்: அதே ஆழத்தில் சூடு கூடினால் கார்பன் கிராஃபைட்டாகத்தான் நிற்கும்.

வைரத்துக்குள் புள்ளி மாதிரி சிக்கிய கனிமங்கள் இருக்கும். நகைக்காரருக்கு அது குறை, எங்களுக்கு அதுதான் சரக்கு. 2011-ல் ஷைரி, ரிச்சர்ட்சன் என்ற இரு ஆய்வாளர்கள் உலகெங்கும் கிடைத்த அத்தகைய புள்ளிகளின் வயதை ஒப்பிட்டபோது, 300 கோடி ஆண்டுக்கு முந்தையவற்றில் எக்லொகைட் சார்ந்த கனிமங்களே இல்லை, அதற்குப் பின்புதான் வருகின்றன என்று தெரிந்தது. எக்லொகைட் என்பது பழைய கடல்தளத்தின் பசால்ட் என்ற எரிமலைக் கல் உள்ளே போய் அழுந்திய கல். கடல்தளம் கண்டத்துக்கு அடியில் செருகத் தொடங்கிய காலம் இதுவாக இருக்கலாம் என்பது அவர்கள் வாதம்.

கேள்வி: வேர் அறுந்துபோகுமா?

போயிருக்கிறது. வட சீனக் கிராட்டானில் சுமார் 47 கோடி ஆண்டுகளுக்கு முன் வெடித்த கிம்பர்லைட்டுகள் வைரத்தோடு வந்தன, அன்றைக்கு அங்கே தடித்த வேர் இருந்தது என்பதற்கு அதுவே சாட்சி. இன்று அதன் கிழக்குப் பகுதியில் அலைகளை வைத்து அளந்தால் நூறு கிலோமீட்டர்கூடத் தேறாத இடங்கள் இருக்கின்றன. பசிபிக் பக்கமிருந்து கீழே செருகிய கடல்தளத் தட்டு கொண்டுவந்த நீர், பழைய சக்கையை மறுபடி நனைத்து இளக்கியது என்பது பலரும் ஏற்கும் விளக்கம். அண்மைக் காலப் பசால்ட் குழம்புகள் அதே பகுதியில் சுமந்துவந்த செனோலித்துகளை எடுத்து ஒலிவினை அளந்தால், பெரும்பாலும் மக்னீசியம் 92 இல்லை, 93 இல்லை. 89, 90.